வெறும் வயிற்றுக் கணக்கு



சென்ற தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. அரவேணுவில் காலைத் திருப்பலி நடந்துகொண்டிருந்தது. மறையுரையின் நடுவில், பெண்கள் அமரும் பக்கத்திலிருந்து ஒரு முதிய தாய் அப்படியே சாய்ந்து விழுந்தார். உடலெல்லாம் வியர்வை, கைகளில் நடுக்கம், பேச்சு குழறியது. நல்ல வேளையாக அன்று செவிலி ஒருவர் கோவிலில் இருந்தார். தம் பையிலிருந்த சிறு கருவியால் அத்தாயின் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தார். 52 என்று காட்டியது. உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்கச் செய்தார். கால் மணி நேரத்தில் அத்தாய் எழுந்து உட்கார்ந்தார். அவர் முதலில் சொன்ன சொல் இது: "நன்மை வாங்கணும்னு நேத்து ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலீங்க சாமி. மாத்திரையை மட்டும் வாயில போட்டுக்கிட்டு நடந்து வந்தேன்."

இதைக் கேட்டு நான் தலைகுனிந்தேன். ஏனெனில் இரண்டு வாரங்களுக்கு முன்புதான், நள்ளிரவு முதல் ஒருசந்தி இருந்து நன்மை வாங்கிய அந்தக் கால மக்களின் பக்தியை அதே பீடத்திலிருந்து நான் மிகவும் புகழ்ந்து பேசியிருந்தேன். சர்க்கரை நோயாளர்களைப் பற்றி ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. எட்டாண்டுகளாக அந்நோயுடன் வாழும் எனக்கே அது தோன்றவில்லை. ஆகவே இத்திங்கள் இப்பக்கத்தில், நம் வீடுகளில் நாள்தோறும் விடியலில் பார்க்கப்படும் வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பற்றி எழுதக் கடமைப்பட்டுள்ளேன்.

அன்று மாலை அத்தாயின் இல்லத்திற்குச் சென்றேன். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் அது. இளமை முதல் கொழுந்து பறித்து மக்களை வளர்த்தவர்; அறுபத்தாறு வயது. பேரனுடைய பழைய பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றை மருமகள் கொண்டுவந்து காட்டினார். ஐந்தாம் வகுப்புப் பையனின் கையெழுத்தில் ஒவ்வொரு நாளும் காலையில் பார்த்த அளவு எழுதப்பட்டிருந்தது. முதற் பக்கத்தில் 162, 158, 171. அடுத்த பக்கத்தில் 178, 184, 191. கடைசி எண்ணைச் சுற்றி மகன் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார். தேர்வில் தோற்ற பிள்ளையின் தாளைப் போல இருந்தது அந்தப் பக்கம்.

மருமகள் மனத்தாங்கலுடன் சொன்னார்: "ராத்திரி சாப்பாட்டையே நிறுத்திட்டேங்குறாங்க சாமி. ஆனா காலையில பார்த்தா ஏறித்தான் இருக்கு. நாங்க தூங்கின பிறகு எதையோ எடுத்துச் சாப்பிடுறாங்கன்னுதான் எங்களுக்குத் தோணுது." தாய் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "மாதா சத்தியமா ஒரு வாய் தொடலைங்க சாமி" என்று மட்டும் சொன்னார். எண் இறங்காத அச்சத்தில், யாரிடமும் சொல்லாமல் இரவில் ஒரு மாத்திரையைக் கூடுதலாக விழுங்கத் தொடங்கியிருந்தார் என்பது பிறகு தெரிய வந்தது.

அன்பர்களே, அத்தாய் சொன்னது முற்றிலும் உண்மை. இரவு ஒன்றுமே உண்ணாதவருக்கும் விடியலில் சர்க்கரை ஏறக்கூடும். இந்த ஓர் உண்மை தெரியாததால் எத்தனையோ வீடுகளில் முதியோர் பொய்யர் ஆக்கப்படுகின்றனர். எனவே அது எவ்வாறு நிகழ்கிறது என்பதைச் சற்றுப் பொறுமையுடன் காண்போம்.

வளர்ந்த ஒருவருடைய இரத்தம் முழுவதிலும் ஒரு வேளையில் ஓடும் சர்க்கரை ஏறத்தாழ 5 கிராம்தான். ஒரு தேக்கரண்டி அளவு. ஆனால் மூளை மட்டுமே ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் சர்க்கரையைச் செலவிடுகிறது. நாம் உறங்கும்போதும் மூளை உறங்குவதில்லை. அப்படியானால் இரவெல்லாம் அதற்குச் சர்க்கரை எங்கிருந்து கிடைக்கிறது? கல்லீரலிலிருந்து. அறுவடைக் காலத்தில் நெல்லைக் குதிரில் இட்டுவைத்துப் பின்னர் அள்ளி அள்ளி உண்பதைப்போல, உணவு வரும்போது கல்லீரல் சர்க்கரையைச் சேர்த்து வைத்து, உணவு இல்லாதபோது சிறிது சிறிதாக இரத்தத்தில் விடுகிறது. சேமிப்புக் குறைந்தால் உடலின் புரதம் முதலியவற்றிலிருந்து புதிதாகவும் சர்க்கரையை ஆக்கிக்கொள்கிறது.

விடியற்காலை மூன்று, நான்கு மணி தொடங்கி, நம்மை எழுப்பி வேலைக்கு ஆயத்தப்படுத்துவதற்காகக் கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் முதலிய சுரப்புகள் உடலில் கூடுகின்றன. அவை கல்லீரலை மேலும் சர்க்கரை விடத் தூண்டுகின்றன. நலமாக உள்ளவரிடத்தில் கணையம் சுரக்கும் இன்சுலின் 'போதும்' என்று கட்டளையிட, கல்லீரல் அடங்குகிறது. சர்க்கரை நோயாளரிடத்திலோ இன்சுலின் குறைவு; இருப்பதும் சரிவர வேலை செய்வதில்லை. ஆகவே குதிரின் வாய் திறந்தே கிடக்கிறது. விடியலில் எண் ஏறுகிறது. மருத்துவர்கள் இதனை விடியல் நிகழ்வு என்பர். இதற்குப் பட்டினி மருந்தாகாது. பட்டினி கிடப்பவர் இன்சுலினோ, கணையத்தைத் தூண்டும் மாத்திரையோ எடுத்துக்கொண்டால், முன்பு ஏறிய எண் பின்பு பாதாளத்தில் விழும். கோவிலில் நடந்தது அதுவே.

இனி, எண்களின் பொருளை அறிவோம். குறைந்தது எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் அருந்தாமல் பார்ப்பதே வெறும் வயிற்று அளவு. அது 100 மில்லிகிராமுக்குக் கீழ் இருப்பது இயல்பு. ஆய்வகத்தில் 126 அல்லது அதற்கு மேல் இருந்து, மறுமுறை பார்த்தபோதும் அவ்வாறே இருந்தால் சர்க்கரை நோய். இடைப்பட்டது எச்சரிக்கை நிலை. நோய் உள்ளவர்களிற் பெரும்பாலோர்க்கு, காலையில் 80 முதல் 130 வரை இருப்பது நல்ல கட்டுப்பாடு என்று கொள்ளப்படுகிறது. முதியோர்க்கும் வேறு நோயுடையோர்க்கும் மருத்துவர் சற்றுத் தளர்த்திச் சொல்வதுண்டு. 70க்குக் கீழே இறங்குவது ஆபத்து.

கருவி காட்டும் எண் கல்லில் எழுதிய எழுத்தன்று என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். வீட்டுக் கருவிகளுக்கு உலகளவில் வகுக்கப்பட்ட தரத்தின்படியே, 100க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு கூடவோ குறையவோ காட்டலாம். உண்மையில் 140 இருக்கும்போது கருவி 119 முதல் 161 வரை எதைக் காட்டினாலும் அது பழுதன்று. எனவே ஒரு நாள் எண்ணைக் கண்டு துள்ளவும் வேண்டாம், துவளவும் வேண்டாம். ஒரு வார, இரு வாரக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால்தான் போக்கு தெரியும். நோட்டுப் புத்தகத்தின் பயனே அதுதான்.

இக்கருவி நம் கைக்கு வந்தது அண்மையில்தான். என் சிறு வயதில், எங்கள் பாட்டியின் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் நீல நிறமான பெனடிக்ட் கரைசலுடன் கலந்து, சாராய விளக்கில் காய்ச்சி நிறம் பார்ப்பார்கள். நீலமாகவே நின்றால் நிம்மதி. பச்சை, மஞ்சள் என மாறிச் செங்கல் நிறம் வந்தால் வீடே அமைதியாகிவிடும். இரத்தத்தில் சர்க்கரை பெரும்பாலும் 180ஐக் கடந்த பின்னரே சிறுநீரில் அது தோன்றும் என்பதால், அந்நிறம் பழைய செய்தியையே சொன்னது. தாழ்நிலையையோ சொல்லவே இல்லை. 1948ஆம் ஆண்டில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கி, 1954இல் இராயபுரத்தில் மருத்துவமனை நிறுவிய மருத்துவர் எம். விசுவநாதன் போன்றோர், இத்தகைய எளிய கருவிகளைக் கொண்டே தமிழகத்தில் இம்மருத்துவத்தை வளர்த்தனர். இன்று ஐந்தே நொடியில் எண்ணைக் காண்கிறோம். தேவையும் பெருகிவிட்டது. நாடெங்கும் 1,13,043 பேரைச் சோதித்து 2023இல் வெளியிடப்பட்ட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, இந்தியாவில் ஏறத்தாழ பத்துக் கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கணக்கிட்டது.

மருத்துவமனை தொலைவில் இருக்கிறதே என்று மலைவாழ் நாம் சோர வேண்டியதில்லை. செங்கற்பட்டுப் பகுதியில் சூனாம்பேட்டைச் சுற்றிய 42 சிற்றூர்களுக்குச் சோதனைக் கருவிகள் பொருத்திய ஊர்தியை அனுப்பி, அவ்வூர்களிலேயே பார்த்து மருந்தளிக்கும் திட்டம் ஒன்று நடந்தது. ஓராண்டில் அங்குள்ள நோயாளர்களின் மூன்று மாதச் சராசரி அளவு 9.3இலிருந்து 8.5ஆக இறங்கியது. அருகிலேயே சோதனையும் தொடர்ந்த கவனிப்பும் கிடைத்தால் சிற்றூர் மக்களும் நோயை அடக்க முடியும் என்பதற்கு இது சான்று.

நம் மலைக்கேற்ற சில குறிப்புகளைக் கூறுகிறேன்.

விடியற்குளிரில் விரல்கள் மரத்துப்போய் இரத்தம் வராது. அதற்காக விரலைப் பிழியாதீர்கள். பிழிந்தால் அளவு மாறும். வெதுவெதுப்பான நீரில் சோப்பிட்டுக் கைகழுவி, ஈரமின்றித் துடைத்து, கையைத் தொங்கவிட்டு உதறிய பின் விரலின் பக்கவாட்டில் குத்துங்கள். பழத்தையோ வெல்லத்தையோ தொட்ட கையைக் கழுவாமல் பார்த்தால், இரத்தத்தில் இல்லாத சர்க்கரையையும் கருவி காட்டும். பெரும்பாலான கருவிகள் 10 முதல் 40 டிகிரி வெப்பத்திற்குள்தான் சரியாக வேலை செய்யும். மார்கழி, தை மாதங்களில் சன்னலோரம் வைத்த கருவியைச் சிறிது நேரம் அறையின் வெதுவெதுப்பில் வைத்திருந்து பயன்படுத்துங்கள். பட்டைகளின் டப்பாவை இறுக மூடிவையுங்கள். மூடுபனியின் ஈரம் அவற்றைக் கெடுக்கும். குத்தும் ஊசியை ஒருவர்க்கொருவர் மாற்றிக்கொள்ளவே கூடாது. அதனால் கல்லீரல் அழற்சி நோய் பரவும்.

இன்னொன்று, தேநீர். வேலைக்குப் புறப்படுமுன் ஒரு குவளை தேநீர் குடிப்பது இங்கு மூச்சுவிடுவதைப் போன்ற பழக்கம். ஆனால் குடித்துவிட்டுப் பார்த்தால் அது வெறும் வயிற்றுக் கணக்கு ஆகாது. முதலில் விரல், பிறகு குவளை என்பது வீட்டின் ஒழுங்காக இருக்கட்டும். அவ்வாறே, இராகிக் களியும் சாமைச் சோறும் நல்ல உணவுகளே. ஆயினும் அளவின்றி உண்டால் அவையும் சர்க்கரையைக் கூட்டவே செய்யும்.

நோட்டில் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். முந்திய இரவு எத்தனை மணிக்கு உண்டீர்கள், என்ன உண்டீர்கள், மாத்திரை எப்போது, உறக்கம் எப்படி, காய்ச்சலோ கவலையோ உண்டா என்பதையும் இரண்டு சொற்களில் குறியுங்கள். காலை எண் தொடர்ந்து கூடினால், மருத்துவர் சொற்படி இரண்டு மூன்று இரவுகள் விடியற்காலை மூன்று மணிக்கும் பாருங்கள். அப்போது குறைந்திருந்தால் இரவு மருந்து மிகுதி என்று ஐயுறலாம். அப்போது சரியாக இருந்து ஆறு மணிக்கு ஏறினால் அது விடியல் நிகழ்வு. இரண்டிற்கும் மருத்துவம் நேர்மாறானது. ஆகவே மாத்திரையைத் தாமாகக் கூட்டுவதும் குறைப்பதும் கண்ணைக் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் நடப்பதற்கு ஒப்பாகும்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. சோதனை மிகப் பயனுள்ளது. ஆனால் அது சிவப்பணுக்களை நம்பியே நிற்கிறது. நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாள் வடிவச் சிவப்பணு இருப்பதை 1952ஆம் ஆண்டிலேயே லேமான், கட்புஷ் என்னும் அறிவியலார் கண்டறிந்து வெளியிட்டனர்; இந்தியாவில் அதுவே முதல் அறிக்கைகளுள் ஒன்று. அந்நோய் உள்ளவர்களின் சிவப்பணுக்கள் விரைவில் அழிவதால், சராசரி அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் அது கூடுதலாகக் காட்டக்கூடும். இத்தகையோர்க்கு இரத்தச் சர்க்கரையை நேரே அளப்பதுதான் நம்பத்தக்கது. உங்கள் குடும்பத்தில் இக்குறைகள் இருந்தால் மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள்.

தாழ்நிலையின் அறிகுறிகளை வீட்டிலுள்ள சிறுவர்களும் அறிந்திருக்க வேண்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, குழறல், காரணமற்ற சினம். அளவு 70க்குக் கீழிருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த நீர், கால் மணி கழித்து மறுபடியும் சோதனை, அதன்பின் உணவு. நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐ அழையுங்கள். அளவு 300ஐக் கடந்து, வாந்தியோ மூச்சிரைப்போ மயக்கமோ இருந்தாலும் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இறுதியாக, என் கடமை சார்ந்த ஒன்று. நள்ளிரவு முதல் உண்ணாதிருந்தே நன்மை வாங்க வேண்டும் என்ற பழைய ஒழுங்கு என்றோ மாறிவிட்டது. 1953இல் பன்னிரண்டாம் பத்திநாதர், தண்ணீர் அருந்துவது அதனை முறிக்காது என அறிவித்தார். 1957இல் அது மூன்று மணி நேரமாகவும், 1964இல் ஆறாம் சின்னப்பரால் ஒரு மணி நேரமாகவும் குறைக்கப்பட்டது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 919ஆம் பிரிவின்படி, தண்ணீரும் மருந்தும் எப்போதும் கொள்ளலாம். முதியோரும் நோயாளரும் அவர்களைப் பேணுவோரும், அந்த ஒரு மணி நேரத்திற்குள் உண்டிருந்தாலும் நன்மை வாங்கலாம். திருநீற்றுப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் உரிய ஒருசந்திக் கடமையோ, 1252ஆம் பிரிவின்படி அறுபதாம் வயது தொடங்கும்போதே முடிந்துவிடுகிறது. அதற்கு இளையோராயினும் நோயாளர் உடலைக் கெடுத்துக்கொண்டு அதனைக் காக்கத் தேவையில்லை. ஐயமிருந்தால் உங்கள் பங்குத் தந்தையைக் கேளுங்கள். அதற்குப் பதிலாக வேறு நற்செயலைக் குறிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்ளும் தாய்மாரே, தந்தையரே, மருத்துவர் சொன்ன வேளையில் உண்டபின் கோவிலுக்கு வாருங்கள். இதை நான் அன்றே பீடத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

அத்தாயின் செய்தியைக் கேட்க விரும்புவீர்கள். மறுநாள் மகனே நோட்டுடன் அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மருத்துவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இதை எழுதியவர் யார்?" என்று கேட்டுப் பேரனைப் பாராட்டினாராம். கூடுதலாக விழுங்கிய மாத்திரை நிறுத்தப்பட்டது. மூன்று இரவுகள் விடியற்காலை மூன்று மணிக்குப் பார்த்ததில் 121, 116, 124. ஆறு மணிக்கோ 160க்கு மேல். கல்லீரலை அடக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை இரவு உணவுடன் தரப்பட்டது. இரவு உணவு ஏழரை மணிக்கு என்று உறுதியாயிற்று. உண்டபின் வீட்டுக்குள்ளேயே சிறிது நேரம் நடைப்பயிற்சி. எண்கள் ஒரே நாளில் இறங்கிவிடவில்லை. இரண்டு மாதங்கள் சென்றபின் 142, 134, 138 என்று நிற்கின்றன. இன்னும் சிறிது குறைய வேண்டும்.

சென்ற வாரம் அவ்வில்லத்திற்கு மீண்டும் போயிருந்தேன். மருமகள் அடுப்படியிலிருந்து தட்டைக் கொண்டுவந்து மாமியார் முன் வைத்து, "அத்தே, ஏழரை ஆச்சு" என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல்லில் பழைய ஐயம் இல்லை. நோட்டைப் புரட்டினேன். சிவப்பு வட்டம் இருந்த பக்கத்தை யாரும் கிழிக்கவில்லை. அந்த 191க்கு அருகில், பேரனின் கையெழுத்தில், "பாட்டி சாப்பிடவில்லை" என்று புதிதாக எழுதியிருந்தது.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு நோட்டு இருக்குமாயின், அதைக் கொண்டு யாரையும் விசாரிக்காதீர்கள். காலையில் எண்ணைக் கேட்குமுன், "இரவு நன்றாக உறங்கினீர்களா?" என்று கேளுங்கள். பிறகு இரண்டையும் எழுதிவையுங்கள். அடுத்த திங்கள் சந்திப்போம்.